தூதராகாத ஆர்ச்சர் பிளட்



இருபதாம் நூற்றாண்டின் அமெரிக்க ராஜதந்திரி ஒருவரைப் பற்றிப் பேசுகிறேன் என்றதும் நீங்கள் யாரை எதிர்பார்த்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். மாஸ்கோவிலிருந்து அந்தப் பேர்பெற்ற நீண்ட தந்தியை அனுப்பிய ஜார்ஜ் கென்னனை எதிர்பார்த்திருக்கலாம். நேரு காலத்தில் டெல்லியில் இருந்த கால்பிரெய்த் நமக்கு இன்னும் நெருக்கமானவர். இவர்களைப் பற்றி அலமாரி கொள்ளாத அளவுக்குப் புத்தகங்கள் இருக்கின்றன. நான் எடுத்துக்கொண்டவர் ஆர்ச்சர் கென்ட் பிளட். முப்பத்தைந்து ஆண்டுகள் அமெரிக்க வெளியுறவுத் துறையில் வேலை பார்த்தார். எந்த நாட்டுக்கும் அவரைத் தூதராக அனுப்பவில்லை. இன்று உலகம் அவரை ஒரு தந்தியால்தான் அறிகிறது. அந்தத் தந்தியில் கையெழுத்துப் போட்டவர்களின் பட்டியலைப் பார்த்தால், அதிலும் அவர் பெயர் கிடையாது.

பிளட் 1923-இல் சிகாகோவில் பிறந்தவர். வளர்ந்தது வர்ஜீனியாவில், லிஞ்ச்பர்க் என்ற ஊரில். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். இரண்டாம் உலகப் போரின்போது வட பசிபிக்கில் கடற்படையில் இருந்தார். 1947-இல் வெளியுறவுத் துறையில் சேர்ந்தார். முதலில் கிரேக்கத்தில் தெசலோனிக்கி. அதன் பிறகு மியூனிக், அல்ஜியர்ஸ், பான் என்று ஊர் ஊராக மாற்றல். கல்யாணம், பிள்ளைகள், பெட்டி கட்டுதல், பெட்டி பிரித்தல். இந்தப் பகுதியில் சொல்ல அதிகம் இல்லை. அவருடன் சேர்ந்த நூற்றுக்கணக்கானவர்களின் வாழ்க்கையும் இப்படித்தான் ஓடியது.

ஆனால் அந்தத் தலைமுறையின் மனத்தில் ஒரு பயம் இருந்தது. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. பிளட் வேலைக்குச் சேர்ந்த சில ஆண்டுகளில், அரசுக்குள் கம்யூனிஸ்டுகளைத் தேடி வேட்டையாடிய மெக்கார்த்தி காலம் தொடங்கியது. சீனாவில் பணியாற்றிய ஜான் சர்வீஸ் என்ற அதிகாரி, சியாங் கை ஷேக்கின் ஆட்சி உள்ளுக்குள் உளுத்துப்போயிருக்கிறது, கம்யூனிஸ்டுகளுக்கு மக்கள் ஆதரவு இருக்கிறது என்று போர்க்காலத்திலேயே எழுதி அனுப்பியவர். நடந்ததும் அதுதான். சரியாகச் சொன்னதற்குப் பரிசாக, சீனாவை 'இழந்தவர்' என்ற பழி அவர்மேல் விழுந்தது. 1951 டிசம்பரில் வேலை போயிற்று. 1957-இல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் திரும்பக் கிடைத்தது. கண்டதைக் கண்டபடி எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு ஒவ்வொரு இளம் அதிகாரியின் முன்னாலும் இந்த உதாரணம் இருந்தது. மேலிடம் என்ன கேட்க விரும்புகிறது என்று மோப்பம் பிடித்து எழுதுவது ஒரு பிழைப்பு முறையாகவே ஆகிப்போனது.

பிளட் கிளர்ச்சிக்காரர் அல்லர். நடுவயதுவரை ஒழுங்காக, விதிப்படி வேலை செய்து பதவி உயர்வு பெற்று வந்த மனிதர். 1960 முதல் 1962 வரை, அப்போது கிழக்குப் பாகிஸ்தானின் தலைநகராக இருந்த டாக்காவில் அரசியல் அதிகாரியாக இருந்தார். அந்த ஊர் அவருக்குப் பிடித்துப்போயிற்று. நடுவில் காபூல், ஏதென்ஸ். 1970-இல் டாக்காவுக்கே கான்சல் ஜெனரலாக, அதாவது அங்கிருந்த அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் தலைவராக, திரும்பி வந்தார். துணைத் தூதரகம் என்றால் தனி ராஜ்யம் இல்லை. மேலே இஸ்லாமாபாத்தில் தூதரகம். அங்கே தூதர் ஜோசப் ஃபார்லண்ட். இவர் தொழில்முறை அதிகாரி அல்லர். அரசியல் நியமனமாக வந்தவர், ஒரு காலத்தில் எஃப்.பி.ஐ.யில் இருந்தவர். இருவருக்கும் நடுவே முழு இந்தியா கிடந்தது. இஸ்லாமாபாத்திலிருந்து பார்த்தால் பாகிஸ்தான் என்பது ராணுவத் தலைமை. டாக்காவிலிருந்து பார்த்தால் அது ஏழரைக் கோடி வங்காளிகள்.

1970 நவம்பர் 12 இரவு வங்கக் கடலிலிருந்து வந்த புயல் கழிமுகத் தீவுகளைத் துடைத்துக்கொண்டு போனது. இறந்தவர்கள் மூன்று லட்சத்திலிருந்து ஐந்து லட்சம் வரை என்று மதிப்பிடுகிறார்கள். வெளிநாடுகளிலிருந்து ஹெலிகாப்டர்கள் வந்து இறங்கின; சொந்த அரசு மெத்தனமாக இருந்தது. வங்காளிகளின் மனத்தில் ஏற்கெனவே இருந்த கசப்புக்கு இது இறுதி முத்திரை வைத்தது. டிசம்பர் 7-ஆம் தேதி தேர்தல். கிழக்குப் பாகிஸ்தானில் 162 பொதுத் தொகுதிகள். ஷேக் முஜிபுர் ரஹ்மானின் அவாமி லீக் 160-ஐ வென்றது. (மீதி இரண்டில் வென்றவர்கள் நூருல் அமீனும், சக்மா மக்களின் மன்னர் திரிதிவ் ராயும். இருவருமே பின்னால் பாகிஸ்தானிலேயே தங்கிவிட்டார்கள்.) பெண்களுக்கான இடங்களையும் சேர்த்தால் 313 பேர் கொண்ட நாடாளுமன்றத்தில் அவாமி லீக்குக்கு 167. தனிப் பெரும்பான்மை. முஜிப் பிரதமராக வேண்டும். கணக்கு இவ்வளவுதான். ராணுவ ஆட்சியாளர் யாஹ்யா கானுக்கும் மேற்குப் பாகிஸ்தான் தலைவர் பூட்டோவுக்கும் அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை.

1971 மார்ச் 1-ஆம் தேதி, கூடவிருந்த நாடாளுமன்றத்தை யாஹ்யா கான் தள்ளிவைத்தார். டாக்கா தெருவுக்கு வந்தது. அன்று முதல் 25-ஆம் தேதி வரை கிழக்கு வங்காளத்தில் அலுவலகங்கள், வங்கிகள், போக்குவரத்து எல்லாமே முஜிப் சொன்னபடிதான் நடந்தன. பிளட்டின் அலுவலகத்திலிருந்து நாள்தோறும் தந்திகள் போய்க்கொண்டிருந்தன: யார் யாரைச் சந்தித்தார், பேச்சுவார்த்தை எங்கே நிற்கிறது, ராணுவம் எங்கே குவிகிறது. ஆரவாரமில்லாத, துல்லியமான அறிக்கைகள்.

மார்ச் 25 இரவு பிளட்டின் வீட்டில் விருந்து. விருந்தாளிகளில் வங்காளிகளும் வேற்று நாட்டுத் தூதரக அதிகாரிகளும் இருந்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு படம் போட்டுக் காட்டினார்கள். ஸ்பென்சர் டிரேசியும் கேத்தரின் ஹெப்பர்னும் நடித்த 'ஆடம்ஸ் ரிப்' என்ற நகைச்சுவைப் படம். கணவனும் மனைவியும் ஒரே வழக்கில் எதிரெதிர் வக்கீல்களாக வாதாடும் கதை. அன்று மாலையே யாஹ்யா கான் சத்தமில்லாமல் டாக்காவை விட்டுப் பறந்துவிட்டார் என்பது பலருக்குத் தெரியாது. நள்ளிரவை ஒட்டி ஊருக்குள் டாங்கிகள் இறங்கின. சாலைகள் அடைபட்டன. விருந்தாளிகளால் வீடு திரும்ப முடியவில்லை. மொட்டை மாடியில் ஏறிப் பார்த்தார்கள். நகரத்தில் பல இடங்களில் தீ. வானத்தில் கோடு கோடாகப் பாயும் குண்டுகள். இடையிடையே பீரங்கிச் சத்தம். பல்கலைக்கழக விடுதிகளான ஜகந்நாத் ஹாலும் இக்பால் ஹாலும் தாக்கப்பட்டன. பழைய டாக்காவின் இந்துக் குடியிருப்புகள் எரிந்தன. முஜிப் கைதானார்.

தொலைபேசியும் தந்தியும் துண்டிக்கப்பட்டன. வெளிநாட்டு நிருபர்களை இன்டர்காண்டினென்டல் ஹோட்டலில் அடைத்து வைத்து, பிறகு மொத்தமாக நாட்டை விட்டே அனுப்பினார்கள். உலகத்துக்குச் செய்தி போகும் வாய்கள் எல்லாம் அடைபட்ட நேரத்தில், அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் அனுமதி பெறாத ஒரு வயர்லெஸ் கருவி இருந்தது. பிளட்டின் அறிக்கைகள் அதன் வழியாகப் போயின.

அவருடைய ஆட்கள் ஊரைச் சுற்றினார்கள். பிணங்களைப் பார்த்தார்கள், பேராசிரியர்கள் கொல்லப்பட்டதை விசாரித்து எழுதினார்கள். தெருவில் ஓடிய எம்-24 டாங்கிகளும் மேலே பறந்த சேபர் ஜெட்களும் அமெரிக்கா கொடுத்தவை என்பதையும் எழுதினார்கள். அமெரிக்கர்கள் பலர் தங்கள் வீடுகளில் வங்காளிகளை ஒளித்து வைத்தார்கள். பிளட் வீட்டிலும் அடைக்கலம் இருந்தது. மார்ச் 28-ஆம் தேதி அவர் அனுப்பிய தந்தியின் தலைப்பில் 'இனப்படுகொலை' என்ற சொல் இருந்தது; அதுவும் ஆள் பார்த்து, தேர்ந்தெடுத்துச் செய்யும் இனப்படுகொலை என்று. நட்பு நாடு ஒன்றின் அரசைப் பற்றி அமெரிக்க அதிகாரி எழுதிய சொல் அது. அதை அவர் கை தவறி எழுதவில்லை. அடுத்து வந்த தந்திகளில், குறிப்பாக இந்துக்கள் குறிவைக்கப்படும் விதத்துக்கு இந்தச் சொல் முழுமையாகப் பொருந்தும் என்று காரணம் காட்டினார்.

வாஷிங்டனிலிருந்து பதில் இல்லை. இஸ்லாமாபாத் தூதரகத்திலிருந்து வந்த பதில், இது ஒரு நாட்டின் உள்விவகாரம் என்பது.

அமெரிக்கக் குடும்பங்களை வெளியேற்ற முடிவாயிற்று. இங்கே நமக்கு அருகிலுள்ள ஒரு விஷயம் வருகிறது. அந்த ஆண்டு ஜனவரியில் நடந்த இந்திய விமானக் கடத்தலைத் தொடர்ந்து, இந்தியா தன் வான்வெளியைப் பாகிஸ்தானுக்கு மூடியிருந்தது. ஆகவே கராச்சியிலிருந்து டாக்காவுக்குப் படைவீரர்களை ஏற்றி வந்த விமானங்கள் இந்தியாவின் தென்முனையைச் சுற்றி, கொழும்பில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு போயின. வீரர்களை இறக்கிவிட்டுத் திரும்பிய பாகிஸ்தானின் அதே பி.ஐ.ஏ. விமானங்களில்தான் அமெரிக்கப் பெண்களும் குழந்தைகளும் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். இந்த ஏற்பாடு பிளட்டுக்குக் கசந்தது. கொல்ல வருகிறவர்களின் பயணச் செலவில் ஒரு பங்கை நாமே கொடுக்கிறோமே என்ற எண்ணம் யாருக்குத்தான் வராது?

இப்போது ஏப்ரல் 6. டாக்காவிலிருந்த இளம் அதிகாரிகள் சேர்ந்து ஒரு தந்தி தயாரித்தார்கள். எழுதியதில் முக்கியப் பங்கு, அரசியல் பிரிவின் இளையவரான ஸ்காட் புட்சருக்கு. தூதரக அதிகாரிகளும், நிதியுதவி அமைப்பு, தகவல் சேவை ஆகியவற்றின் ஊழியர்களுமாக இருபது பேர் அதில் பெயர் போட்டார்கள். இத்தகைய மாற்றுக் கருத்துத் தந்திக்கு அப்போதுதான் வெளியுறவுத் துறை வழி திறந்திருந்தது. வியட்நாம், கம்போடியா விஷயத்தில் துறைக்குள்ளேயே எழுந்த எதிர்ப்பைச் சமாளிக்க, 'சொல்ல வேண்டியதை உள்ளுக்குள்ளேயே சொல்லுங்கள்' என்று 1971-இன் தொடக்கத்தில் செய்த ஏற்பாடு. கதவைத் திறந்து வைத்தவர்கள், யாராவது உண்மையிலேயே உள்ளே வருவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை போலும்.

தந்தி சுற்றி வளைக்கவில்லை. ஜனநாயகம் நசுக்கப்பட்டதை நம் அரசு கண்டிக்கவில்லை; கொடுமைகளைக் கண்டிக்கவில்லை; நம் குடிமக்களைக் காப்பதைவிட மேற்குப் பாகிஸ்தான் அரசை மகிழ்விப்பதில் அக்கறை காட்டுகிறது; சோவியத் யூனியன் ஜனநாயகத்தை ஆதரித்து யாஹ்யாவுக்குக் கடிதம் எழுதும்போது நாம் வாய்மூடி நிற்கிறோம்; நம் அரசு தார்மிகமாக ஓட்டாண்டியாகிவிட்டது என்று பலர் நினைப்பார்கள். சாரம் இது. படிக்கிறவர்கள் பெரும்பாலும் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள்.

அந்த இருபது பெயர்களுக்குக் கீழே பிளட் தன் கையால் சேர்த்த பகுதி ஒன்று உண்டு. என் பார்வையில் தந்தியின் உயிர் அங்கேதான் இருக்கிறது. அதில் மூன்று செய்திகள். இவர்கள் கிழக்குப் பாகிஸ்தானில் உள்ள அமெரிக்க அதிகாரிகளில் மிகச் சிறந்தவர்கள், இவர்களுடைய கருத்தை இங்குள்ள அமெரிக்கர்களில் மிகப் பெரும்பாலோர் பகிர்ந்துகொள்கிறார்கள் என்கிறார். எனக்கும் இதே கருத்துத்தான், ஆனால் இந்த அலுவலகத்தின் தலைவனாக இருக்கும்வரை நான் கையெழுத்திடுவது முறையில்லை என்கிறார். மூன்றாவதுதான் கூர்மையானது. இந்தப் போராட்டத்தின் முடிவு பெரும்பாலும் வங்காளிகளின் வெற்றியாகவும் சுதந்திர பங்களாதேஷாகவும் இருக்கும். தோற்கப் போகிறவன் பக்கம் ஒரேயடியாகச் சாய்ந்து, இங்கே நமக்குள்ள நல்லெண்ணத்தை இழப்பது புத்திசாலித்தனம் இல்லை.

தேதியைக் கவனியுங்கள். ஏப்ரல் 6. ராணுவம் இறங்கிப் பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. டாக்கா முழுக்க ராணுவத்தின் பிடியில். முஜிப் சிறையில். வங்காளிகளின் தற்காலிக அரசான முஜிப்நகர் அரசு இன்னும் அறிவிக்கப்படவில்லை. இந்தியா போரில் இறங்க இன்னும் எட்டு மாதம் இருந்தது. அந்த நேரத்தில் ஒரு துணைத் தூதரகத் தலைவர், வரப்போகும் நாட்டின் பெயரையே எழுதி அனுப்புகிறார். மனசாட்சி உள்ளவர், தர்மத்தின் பக்கம் நின்றவர் என்றெல்லாம் பிளட்டைப் பாராட்டுகிறோம். அது சரிதான். ஆனால் ஜனாதிபதி நிக்ஸனும் அவருடைய தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் கிஸ்ஸிஞ்சரும் தங்களைக் கணக்குத் தெரிந்த யதார்த்தவாதிகளாகவும், பிளட்டை உணர்ச்சிவசப்பட்ட ஆளாகவும் காட்டினார்களே, அந்தப் பங்கீட்டை நாமும் நம்மை அறியாமல் ஏற்றுக்கொண்டுவிடுகிறோம். கணக்கிலும் பிளட்தான் ஜெயித்தார். அவருக்கு அந்த மண் தெரியும். புயலுக்குப் பிறகு கிராமங்களில் எழுந்த கோபத்தைப் பார்த்தவர். தேர்தல் எண்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அறிந்தவர். ஆயிரம் மைல் தாண்டிப் படை அனுப்பி, ஏழரைக் கோடி மக்களை அவர்கள் விருப்பத்துக்கு எதிராக ஆள முடியாது என்பது அவருக்கு அனுபவத்தில் தெரிந்த விஷயம்.

இன்னொரு நுணுக்கம். இந்தத் தந்திக்கு அவர் கொடுத்த ரகசிய முத்திரை மிகக் கீழ்ப்படியில் உள்ள ஒன்று. அதனால் அது வாஷிங்டனில் பல மேசைகளுக்குப் போனது. அவசரத்தில் நடந்த கவனக்குறைவாக இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இருபது வருடத்துக்கு மேல் தந்தி எழுதியவருக்கு எந்த முத்திரை எத்தனை பேர் கைக்குப் போகும் என்று தெரியாமலா இருக்கும்?

அன்றே வெளியுறவு அமைச்சர் வில்லியம் ராஜர்ஸ் கிஸ்ஸிஞ்சரைத் தொலைபேசியில் அழைத்தார். அந்த உரையாடலின் குறிப்பு இப்போது அச்சில் கிடைக்கிறது. டாக்காவிலிருந்து வந்த தந்தியைத் திட்டித் தீர்க்கிறார் ராஜர்ஸ். அவருடைய கவலை, இதை இவ்வளவு பேருக்கு அனுப்பியிருக்கிறார்களே, வெளியே கசிந்துவிடுமே என்பது. எதிர்க்கட்சி செனட்டர் டெட் கென்னடி கைக்குப் போய்விடும் என்கிறார் கிஸ்ஸிஞ்சர். இரண்டு பெரிய மனிதர்கள், ஒரு நகரம் எரிகிறது என்ற செய்தியைப் பற்றிப் பேசுகிறார்கள். பேச்சு முழுக்க யார் கைக்குத் தந்தி போகும் என்பதைச் சுற்றியே ஓடுகிறது. அதே நாளில் வெளியுறவுத் துறையின் தெற்காசிய அதிகாரிகள் ஒன்பது பேர், டாக்காக்காரர்கள் சொல்வதை நாங்களும் ஆதரிக்கிறோம் என்று ராஜர்ஸுக்கு எழுதிக் கொடுத்தார்கள். டெல்லியில் இருந்த தூதர் கென்னத் கீட்டிங்கும் இதே பக்கம். அவர் நிக்ஸனின் சொந்தக் கட்சிக்காரர், முன்னாள் செனட்டர். அந்தப் பகுதியை அறிந்தவர்களில் பெரும்பாலோர் ஒரே குரலில் பேசினார்கள் என்று சொல்ல வேண்டும்.

அப்படியிருந்தும் ஏன் அசையவில்லை? சீனா. யாஹ்யா கான் வழியாக நிக்ஸன் பீக்கிங்குக்கு ரகசியத் தூது விட்டுக்கொண்டிருந்தார். சீனப் பிரதமர் சூ என்லாயின் பதில், வாஷிங்டனிலிருந்த பாகிஸ்தான் தூதர் ஆகா ஹிலாலி மூலம் ஏப்ரல் 27-ஆம் தேதி வெள்ளை மாளிகைக்கு வந்து சேர்ந்தது. மறுநாள், ஏப்ரல் 28 தேதியிட்டு வந்த, கிழக்குப் பாகிஸ்தான் பற்றிய கொள்கைக் குறிப்பின் கீழே நிக்ஸன் கைப்பட எழுதினார்: இப்போதைக்கு யாஹ்யாவை நெருக்க வேண்டாம், இது எல்லோருக்கும். 'வேண்டாம்' என்பதற்கு அடியில் மூன்று கோடு. ஜூலையில் கிஸ்ஸிஞ்சர் பாகிஸ்தானுக்கு வந்து, வயிற்றுக் கோளாறு, மலையில் ஓய்வெடுக்கிறார் என்று ஊரை நம்பவைத்துவிட்டு, ஜூலை 9 அதிகாலையில் பீக்கிங் பறந்தார். பிளட்டுக்கு இது எதுவும் தெரியாது. ராஜர்ஸுக்கே முழுதாகத் தெரியாது என்னும்போது டாக்காவுக்கு யார் சொல்வார்கள்?

கிஸ்ஸிஞ்சர் தரப்பு வாதம் இதுதான். இருபது ஆண்டுப் பகையை முடிக்கும் வேலை நடக்கிறது, உலகத்தின் போக்கே மாறப்போகிறது, தூதுவனைப் பகைத்துக்கொள்ள முடியுமா? இதை ஒரேயடியாகத் தள்ளிவிட நான் தயாராக இல்லை. சீன உறவு பெரிய விஷயம்தான். ஆனால் அந்த வாதத்தில் ஓட்டை இருக்கிறது. ருமேனியா வழியாகவும் பீக்கிங்குடன் தொடர்பு இருந்தது. யாஹ்யாவுக்கும் இந்தத் தரகு வேலை தேவைப்பட்டது. அமெரிக்காவின் தயவு இல்லாமல் அவருடைய அரசு ஓடாது. பகிரங்கக் கண்டனம் வேண்டாம் என்றால், தனியறையில் ஒரு கடுமையான வார்த்தை சொல்லியிருக்கலாமே. அதைக்கூடச் சொல்லவில்லை. நிக்ஸனுக்கு யாஹ்யாவைப் பிடித்தது, இந்திரா காந்தியைப் பிடிக்கவில்லை. வெள்ளை மாளிகை ஒலிநாடாக்களைக் கேட்டவர்களுக்கு இந்தத் தனிப்பட்ட வெறுப்பின் அளவு தெரியும். பெரிய தத்துவங்களுக்குப் பின்னால் இவ்வளவு சின்ன விஷயங்களும் வேலை செய்கின்றன.

விளைவு உங்களுக்குத் தெரியும். ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்தார்கள். இந்த அவையில் உள்ள மூத்தவர்களுக்கு, 1971 கடைசியில் கடிதம் போட்டால் கூடுதலாக ஐந்து பைசா அகதிகள் நிவாரணத் தபால்தலை ஒட்ட வேண்டியிருந்தது ஞாபகம் இருக்கும். டிசம்பரில் போர். வங்கக் கடலுக்குள் அமெரிக்காவின் என்டர்பிரைஸ் விமானந்தாங்கிக் கப்பல் வந்தது. 16-ஆம் தேதி டாக்காவில் பாகிஸ்தான் ராணுவத்தின் சரணாகதி. அடுத்த ஏப்ரல் 4-ஆம் தேதி அமெரிக்கா பங்களாதேஷை அங்கீகரித்தது. பிளட்டின் தந்திக்கு இரண்டு நாள் குறைய ஒரு வருடம்.

பிளட் என்ன ஆனார்? ஜூனிலேயே டாக்காவிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவருடைய இடத்துக்கு ஹெர்பர்ட் ஸ்பிவாக் வந்தார். கான்சல் ஜெனரலை மாற்றச் சொன்னது நிக்ஸன்தான் என்று கிஸ்ஸிஞ்சர் பின்னாளில் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதினார். அதே கிஸ்ஸிஞ்சர் அந்தக் காலத்தில் பேசிய பேச்சில் பிளட், டாக்காவில் இருக்கும் பைத்தியக்காரர். ஜான் சர்வீஸைப் போல வேலையைப் பறிக்கவில்லை, விசாரணைக் கமிஷன் முன் நிறுத்தவில்லை. காலம் மாறியிருந்தது, முறையும் மாறியிருந்தது. வாஷிங்டனில் பணியாளர் பிரிவில் ஒரு நாற்காலி கொடுத்தார்கள். கிழக்கு வங்காளத்தைப் பற்றி அமெரிக்க அரசில் அதிகம் தெரிந்தவர்களில் ஒருவர், அந்த நாடு பிறந்துகொண்டிருந்த மாதங்களில் யாருக்கு எந்த ஊருக்கு மாற்றல் என்ற கோப்புகளோடு உட்கார்ந்திருந்தார். அந்த 1971-ஆம் ஆண்டிலேயே, வெளியுறவுப் பணியாளர் சங்கம் துணிவோடு மாற்றுக் கருத்துச் சொன்னதற்காகக் கிறிஸ்டியன் ஹெர்ட்டர் விருதை அவருக்குக் கொடுத்தது. சக அதிகாரிகளின் கை தட்டியது, அரசாங்கத்தின் கை தள்ளியது.

பிறகு பென்சில்வேனியாவின் கார்லைலில் உள்ள ராணுவக் கல்லூரியில் கொஞ்ச காலம். கிஸ்ஸிஞ்சர் 1973 முதல் 1977 தொடக்கம் வரை வெளியுறவு அமைச்சர்; அந்த ஆண்டுகளில் பிளட்டுக்கு நல்லது எதுவும் நடக்க வழியில்லை. கார்ட்டர் ஜனாதிபதியாக வந்த பிறகு டெல்லித் தூதரகத்தில் இரண்டாம் இடம் கிடைத்தது. தூதர் இல்லாத இடைவெளியில் பொறுப்பாளராகவும் இருந்தார்.

டெல்லிக் காலத்தில் நடந்த ஒன்று பலர் கவனிக்காதது. 1979 பிப்ரவரியில் காபூலில் அமெரிக்கத் தூதர் அடால்ஃப் டப்ஸ் கடத்திக் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு அங்கே தூதர் இல்லை. அக்டோபரில் தற்காலிகப் பொறுப்பாளராகக் காபூல் போன பிளட், 27-ஆம் தேதி ஹஃபீசுல்லா அமீனைச் சந்தித்தார். அமீன், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த கம்யூனிஸ்ட். தன் தலைவர் தராக்கியை ஒழித்துவிட்டு அப்போதுதான் ஆட்சியைப் பிடித்திருந்தவர். சரியாக இரண்டு மாதம் கழித்து, டிசம்பர் 27-ஆம் தேதி, சோவியத் சிறப்புப் படை அமீனை அவர் மாளிகையிலேயே சுட்டுக் கொன்றது. சந்திப்பு முடிந்ததும் பிளட் வழக்கம்போல உட்கார்ந்து தந்தி எழுதினார். டாக்காவில் செய்த அதே வேலை. இந்த முறை யாருக்கும் கோபம் வரவில்லை. அதனால் அதை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவும் இல்லை.

1982-இல் ஓய்வு. கொடுத்த விலையை அவர் மறைக்கவில்லை. பத்திரிகைக்காரர்கள் கேட்டபோது ஒப்புக்கொண்டார். வேறு வழி இருந்ததாக மட்டும் அவர் சொல்லவில்லை. பென்சில்வேனியாவின் மீட்வில்லில் அலெகெனி கல்லூரியில் சில ஆண்டுகள் பாடம் சொல்லிக்கொடுத்தார். பிறகு கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸுக்குக் குடிபெயர்ந்தார். பங்களாதேஷின் பிறப்பைப் பற்றிய தன் நினைவுகளை எழுதினார். 2002-இல் அதை வெளியிட்டது நியூயார்க் பதிப்பகம் எதுவும் அல்ல. டாக்காவின் யுனிவர்சிட்டி பிரஸ் லிமிடெட். அந்த டிசம்பரில்தான் பழைய தந்திகள் பலவற்றை வாஷிங்டனில் உள்ள தேசியப் பாதுகாப்பு ஆவணக் காப்பகம் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தது. பிளட் 2004 செப்டம்பர் 3-ஆம் தேதி, 81 வயதில் காலமானார். அமெரிக்காவில் அது சிறு செய்தி, பங்களாதேஷில் பெரிய செய்தி. அடுத்த ஆண்டு டாக்காவில் உள்ள அமெரிக்க மையத்தின் நூலகத்துக்கு அவர் பெயரைச் சூட்டியது அதே வெளியுறவுத் துறை. இந்தத் தந்தியைப் பற்றிக் கேரி பாஸ் எழுதிய புத்தகம் 2013-இல் வந்த பிறகுதான் உலகத்தில் மற்றவர்களுக்கும் பெயர் பழக்கமாயிற்று.

கேள்வி நேரத்துக்கு முன்னால் இன்னும் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். தந்தியால் என்ன பலன்? கொள்கை ஓர் அங்குலம் நகரவில்லை. ஓர் உயிராவது காப்பாற்றப்பட்டது என்று யாராலும் காட்ட முடியாது. எத்தனை பேர் இறந்தார்கள் என்பதிலேயே இன்றுவரை ஒருமித்த கருத்து இல்லை. பங்களாதேஷ் அரசு முப்பது லட்சம் என்கிறது, ஆய்வாளர்கள் பலர் அதைவிடக் குறைவாக மதிப்பிடுகிறார்கள். ஆனால் என்ன நடந்தது என்பதில் சந்தேகம் எழும்போதெல்லாம் எல்லாத் தரப்பும் எடுத்துப் பார்க்கும் சான்றுகளில் ஒன்று, அந்த மார்ச், ஏப்ரல் மாதத் தந்திகள். இந்தியா சொன்னால் எதிரி நாட்டின் பிரசாரம் என்பார்கள். வங்காளிகள் சொன்னால் பாதிக்கப்பட்டவர்கள் மிகைப்படுத்துகிறார்கள் என்பார்கள். பாகிஸ்தானின் நட்பு நாடான அமெரிக்காவின் சொந்த அதிகாரி, தன் வேலைக்கு ஆபத்து என்று தெரிந்தே, தேதி போட்டு, இடம் குறித்து எழுதியதை அப்படி ஒதுக்கிவிட முடியவில்லை. தந்திகள் இப்போது அமெரிக்க அரசின் ஆவணத் தொகுப்பிலேயே அச்சாகியிருக்கின்றன. ஏப்ரல் 6-ஆம் தேதித் தந்தி நீளமானதில்லை, பத்து நிமிடத்தில் படித்துவிடலாம். படிக்கும்போது இருபது பெயர்கள் வந்ததும் நிறுத்திவிடாதீர்கள். அதற்குக் கீழே பிளட் எழுதியதையும் படியுங்கள்.